தஞ்சைக் கோயிலும் தோக்கியோ மரக்கட்டையும்

1930ஆம் ஆண்டின் கடைசியில் ஹிரோஷி யோஷிதா என்ற ஜப்பானிய ஓவியர் தம் மகன் தோஷியைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அப்பாவுக்கு 54 வயது, மகனுக்கு 19. சின்ன வயதிலேயே ஒரு கால் பழுதுபட்ட பையன். இருவரும் போன இடமெல்லாம் உட்கார்ந்து வரைந்தார்கள். கஞ்சன்ஜங்காவின் பனியும், காசியின் படித்துறையும், தாஜ்மகாலும், அஜந்தாவும், உதயப்பூர் ஏரியும் நோட்டுப் புத்தகங்களில் ஏறின. தெற்கே தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் வந்தார்கள். 1931இல் ஊர் திரும்பிய யோஷிதா, அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக முப்பதுக்கும் மேற்பட்ட மரக்கட்டை அச்சுப் படங்களை வெளியிட்டார். தஞ்சைக் கோயிலுக்கு ஒரு தாள், மதுரைக் கோயிலுக்கு ஒரு தாள், சிங்கப்பூருக்கு ஒரு தாள் அந்த வரிசையில் உண்டு.

நம் ஊரில் படம் சேர்க்கிற தமிழர்களிடம் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. தஞ்சைக் கோயிலை நீர்வண்ணத்தில் வரைந்த வெள்ளைக்காரர்களைத் தெரியும், ரவி வர்மாவைத் தெரியும், சிவகாசியைத் தெரியும். ஒரு ஜப்பானியர் நம் கோயிலைச் செர்ரி மரப் பலகையில் செதுக்கவைத்து, அரிசிப் பசை கலந்த சாயத்தில், கையாலேயே தேய்த்து அச்செடுத்தார் என்ற செய்தி நம் காதுக்கு வரவே இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேகரிப்பாளர்கள் அந்தத் தாள்களைப் பல தலைமுறைகளாக வாங்கிப் பத்திரப்படுத்துகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களாகிய நமக்கு அவற்றில் ஓர் உரிமை இருக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படத்துக்குப் பிரேம் போடுகிறவன். அப்பா கிள்ளானில், ஜாலான் தெங்கு கிளானா பக்கம் கடை வைத்திருந்தார். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் வைத்திருக்கிறேன். இரண்டு கடைக்கும் சோறு போட்டது சாமி படம். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முன்னால் பழைய படத்தைக் கொண்டுவந்து கண்ணாடி மாற்றுவார்கள். புது வீடு புகுகிறவர்கள் லட்சுமியும் பிள்ளையாரும் முருகனும் கேட்பார்கள். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் சீனன் கடை, நகைக் கடை காலண்டர்களைச் சுருட்டி எடுத்து வருவார்கள். கீழே இருக்கும் தேதித் தாளையும் கடைப் பெயரையும் வெட்டிவிட்டு, மேலே இருக்கும் முருகனை மட்டும் சட்டத்துக்குள் வைத்துக் கொடுப்பார் அப்பா. தோட்டத்து லயத்தில் அந்த முருகன் இருபது வருஷம் சாம்பிராணிப் புகையில் இருப்பார்.

அந்தப் படங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது ஜப்பானைத் தொடாமல் போகவில்லை.

ரவி வர்மா தம் ஓவியங்களை அச்சில் பரப்ப 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆட்களும் வந்தார்கள். அச்சகம் பின்னர் லோணாவ்லா அருகே மளவ்லிக்கு மாறியது. கடன் ஏறியதும் அங்கே வேலை பார்த்த ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. அங்கே அச்சான சரஸ்வதியும் லட்சுமியும்தான் கப்பல் ஏறி நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் மலாயாவுக்கு வந்தார்கள். செட்டியார் கிட்டங்கிகளில் சரிகையும் ஜிகினாவும் தைத்த ரவி வர்மா படங்கள் இருந்தன. அப்படி ஒரு லட்சுமிக்கு நானே கண்ணாடி மாற்றியிருக்கிறேன். சேலை முழுக்க உண்மையான துணி, முகமும் கையும் மட்டும் அச்சு.

அடுத்து சிவகாசி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். அதுவரை இந்தியச் சந்தையில் பெருமளவு விற்றது ஜப்பான் தீப்பெட்டி. கோபேயிலும் ஒசாகாவிலும் செய்து சீனா, மலாயா, இந்தியா என்று கப்பலில் அனுப்பினார்கள். ஒவ்வொரு சந்தைக்கும் ஏற்ற படத்தை லேபிளில் போட்டார்கள்; இந்தியாவுக்கு வந்த பெட்டிகளில் யானையும் உண்டு, தெய்வங்களும் உண்டு. மெய்ஜி பேரரசர் காலத்துத் தொடக்க லேபிள்கள் மரக்கட்டையில் அச்சானவை. தமிழ் வீட்டு அடுப்பங்கரைக்கு முதலில் வந்த ஜப்பான் அச்சுப் படம் அந்தக் கட்டைவிரல் அகல லேபிளாகத்தான் இருக்க வேண்டும். சிவகாசியில் தீப்பெட்டி பெருகியதும் லேபிள் அச்சடிக்க அங்கேயே கல்லச்சு இயந்திரங்கள் வந்தன. வந்த இயந்திரம் லேபிளோடு நிற்குமா? காலண்டர் வந்தது. கோவில்பட்டியில் உட்கார்ந்து கொண்டையா ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் கஜலட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, கிள்ளானில் என் அப்பா கடைக்கு வந்தார்கள். கொண்டையா ராஜு 1976இல் காலமானார். அவர் கையெழுத்துப் போட்ட காலண்டர் தாள்கள் இன்றும் பழைய வீடு இடிக்கிற இடத்திலிருந்து எனக்கு வருகின்றன.

பாட்டியிடம் இன்னொரு வகை அச்சும் இருந்தது: சென்னைக் கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள். உள்ளே முரட்டுக் கோட்டில் மரக்கட்டைப் படங்கள். ராஜா ஒரு பக்கம் பார்த்து நிற்பார், குதிரையின் கால் உடம்புக்குப் பொருந்தாது. ஆனாலும் அந்தக் கோட்டுக்கு ஓர் உயிர் இருந்தது. உளி போன பாதை கண்ணுக்குத் தெரியும். பிற்பாடு ஜப்பான் தாள்களைப் பார்த்தபோது எனக்கு அவை அந்நியமாகத் தோன்றாததற்கு அந்தப் புத்தகங்கள் ஒரு காரணம்.

தோக்கியோவில் நடந்தது வேறு கதை. அங்கே மரக்கட்டை அச்சு இருநூறு ஆண்டுப் பழக்கம். நடிகர் படம், அழகிகள் படம், ஊர்க் காட்சி என்று சாதாரண மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். மெய்ஜி காலத்தில் கல்லச்சும் புகைப்படமும் வந்ததும் செதுக்குகிறவர்களுக்கும் அச்செடுப்பவர்களுக்கும் வேலை போயிற்று. நமக்கு ரவி வர்மாவைக் கொடுத்த அதே இயந்திரம் அவர்களுடைய கைத்தொழிலைக் கொன்றது. வதனாபே ஷோஸபுரோ என்ற இளம் வணிகர் 1909இல் தோக்கியோவில் கடை போட்டு, மிச்சமிருந்த தேர்ந்த கைகளைத் தேடிப் பிடித்தார். 1915இல் அவர் முதலில் கூட்டுச் சேர்ந்தது ஃபிரிட்ஸ் கப்பெலாரி என்ற ஆஸ்திரிய ஓவியரோடு. அடுத்த ஆண்டு சார்ல்ஸ் பார்ட்லெட் என்ற ஆங்கிலேயர், தாம் இந்தியாவில் வரைந்த ஆக்ராவையும் காசியையும் அவரிடம் கொடுத்து மரத்தில் ஏற்றினார். இந்தியா ஜப்பானிய மரக்கட்டைக்கு வந்தது அப்படித்தான். பிறகு இதோ ஷின்சுய், கவாஸே ஹசுய் என்று ஜப்பானிய ஓவியர்கள் சேர்ந்தார்கள். இந்தப் போக்கைத்தான் ஷின் ஹங்கா என்று சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

யோஷிதா கியூஷு தீவின் குருமே ஊரில் 1876இல் பிறந்தவர். எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணமும்தான் அவர் படிப்பு. 1899இலேயே அமெரிக்கா போய் டெட்ராய்ட்டில் படம் விற்றுக் காசு பார்த்தவர். மலையேறுகிறவர். 1920இல்தான் வதனாபேயிடம் தம் முதல் மரக்கட்டைப் படத்தைக் கொடுத்தார். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் வதனாபேயின் கடை எரிந்தது. யோஷிதாவின் பலகைகளும் அச்சுத் தாள்களும் சாம்பலாயின. நண்பர்களின் படங்களையும் தம் படங்களையும் கட்டிக்கொண்டு மறுபடி அமெரிக்கா போனவர், அங்கே மரக்கட்டைத் தாளுக்கு இருந்த மதிப்பைக் கண்டார். 1925இல் சொந்தப் பட்டறை வைத்தார். செதுக்குகிறவரும் அச்செடுப்பவரும் அவர் கண் முன்னாலேயே வேலை செய்ய வேண்டும். அவர்களைவிடத் தமக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று தாமே உளியும் பிடித்தார்.

அந்த வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்; தொழில்காரனுக்கு அதுதான் ருசி. மெல்லிய தாளில் வரைந்த கோட்டுப் படத்தைச் செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டுவார்கள். கோட்டை விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். அது தாய்ப்பலகை. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை. ஒவ்வொன்றிலும் மூலையில் ஓர் ‘ட’ வடிவ வெட்டு, ஓரத்தில் ஒரு நேர் வெட்டு. தாளை அந்த வெட்டில் பொருத்தி வைத்தால் நிறம் நூலளவும் விலகாது. தாள் ‘கோசோ’ என்ற செடியின் பட்டையில் செய்தது. படிகாரமும் வஜ்ஜிரமும் பூசி, நனைத்து ஈரமாகவே வைத்திருப்பார்கள். இயந்திரம் கிடையாது. மூங்கில் மடலால் சுற்றிய ஒரு வட்டத் தட்டால் தாளின் முதுகில் தேய்ப்பார்கள். அதன் பெயர் பரென். யோஷிதா ஒரு படத்துக்குச் சராசரியாக முப்பது முறை அச்சேற்றினார். முப்பது முறையும் ஈரத்தாள் சுருங்காமலும் விரியாமலும் அந்த மூலை வெட்டில் வந்து உட்கார வேண்டும்.

இதில் அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு இன்னும் வியப்பு. ஒரே பலகைகளை வைத்துக்கொண்டு சாயத்தை மட்டும் மாற்றி, ஒரே காட்சியைக் காலையாகவும் இரவாகவும் அச்செடுத்தார். 1926இல் பாய்மரப் படகுகளை அப்படிச் செய்தவர், இந்திய வரிசையில் தாஜ்மகாலை அப்படிச் செய்தார். ஒரு தாளில் காலை மூடுபனி, இன்னொன்றில் இரவு நீலம். கோடு ஒன்றேதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருவர் விடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தது போலத் தெரியும்.

யோஷிதா இந்தியாவுக்குக் கப்பலில் போன நாட்களில் நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? அப்போது உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டங்கள் ஆளைக் குறைத்தன. சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களை அரசாங்கச் செலவில் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது போர்ட் கிள்ளான் என்கிறோமே, அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம், அங்கே மூட்டையோடு காத்துக் கிடந்தார்கள். ரஜூலா கப்பல் அந்த வழியில்தான் ஓடியது. தஞ்சை மாவட்டத்து மனிதர்கள் வேலை போய்த் தஞ்சைக்குத் திரும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஒரு ஜப்பானியர் வரைபலகையோடு தஞ்சைக்குப் போனார். இரண்டு பயணமும் ஒன்றையொன்று அறியாது. எனக்கு மட்டும் அந்தத் தஞ்சைத் தாளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தே வரும்.

அதே 1931இல் ஷாங்காயில் எழுத்தாளர் லூ சுன் ஏற்பாட்டில் உச்சியாமா காகிச்சி என்ற ஜப்பானியர் சீன இளைஞர்களுக்கு மரம் செதுக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த அலை தென்சீனக் கடலைத் தாண்டி வந்தது. 1966இல் சிங்கப்பூரில் ஆறு சீன ஓவியர்கள் கூடி மரக்கட்டை அச்சுக்கென்றே கண்காட்சி வைத்தார்கள். நம் மண்ணில் மரக்கட்டை அச்சு வேர்விட்டது சீனர்கள் வழியாக. தமிழர்கள் அதில் சேரவில்லை. நமக்குக் கிடைத்ததெல்லாம் சிவகாசிதான். இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

தமிழ்க் குடும்பங்கள் ஜப்பானியக் கலையை வாங்கி மாட்டாததற்கு வேறு ஆழமான காரணம் இருந்தது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. பின்னர் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். 415 கிலோமீட்டர் பாதை. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். காப்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் தாத்தாவின் தம்பியும் போனார். திரும்பி வரவில்லை. அதே தலைமுறையில்தான் தோட்டத்துப் பெண்கள் நேதாஜி பேச்சைக் கேட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். ஜப்பான்காரன் காலம் நம் வீடுகளில் இப்படி இரண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கிறது.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஜப்பான் அச்சு ஒன்று இருந்தது. வாழைமரம் குலையோடு நிற்கும் பத்து வெள்ளி நோட்டு. 1945 செப்டம்பரில் அந்த நோட்டு செல்லாக் காசாயிற்று. ஒரு கட்டை எதற்கோ வைத்திருந்தார் தாத்தா. சேகரிப்பாளன் கண்ணோடு இன்றைக்குப் பார்க்கும்போது, வரிசை எண் கூட இல்லாமல் ‘எம்’ என்ற எழுத்தும் இன்னும் ஓர் எழுத்தும் மட்டும் போட்டு அவசரமாக அடித்துத் தள்ளிய நோட்டுகள் அவை என்று தெரிகிறது. பாட்டிக்கு அவை வேறு. கடையில் நான் முதல் முதலாக ஒரு ஜப்பானியப் படத்தை மேசையில் விரித்தபோது அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “சப்பான்காரன் படமாப்பா? வீட்டுக்குள்ள மட்டும் கொண்டாராத.”

அந்தக் கோபத்துக்கு நான் பதில் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். 1942இல் ஜப்பான் இராணுவம் தன் ஓவியர்களையும் சிங்கப்பூருக்கு அழைத்து வந்தது. பாரிஸில் பேர் வாங்கிய ஃபுஜிதா, புக்கிட் திமாவிலிருந்து நகரம் விழுந்த கடைசி நாளை வரைந்தார். நான் போற்றுகிற யோஷிதாவும் 1938 முதல் இராணுவ ஓவியராகச் சீனாவுக்குப் போய் வந்தவர். இதை மறைத்துவிட்டு அவர் படத்தின் அழகை மட்டும் பேசினால் அது என் சின்னத் தாத்தாவுக்குச் செய்கிற துரோகம். படத்தைச் சேர்க்கிறவன் கதையை முழுசாகச் சேர்க்க வேண்டும்.

இந்தத் தாள்கள் கோலாலம்பூருக்கு வந்த வழி நீண்டது. போருக்குப் பின் தோக்கியோவில் இருந்த அமெரிக்கர்கள் யோஷிதாவின் வீட்டுக்கே போய் வாங்கினார்கள். அவர் 1950இல் காலமானார். ஜேம்ஸ் மிச்னரும் ஆலிவர் ஸ்டேட்லரும் ஜப்பானிய அச்சுப் படங்களைப் பற்றிப் புத்தகம் எழுதி உலகத்தையே வாங்க வைத்தார்கள். ராபர்ட் முல்லர் என்ற அமெரிக்கர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் 2003இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனுக்குப் போயின. நம் ஊருக்கு இது மெதுவாகத்தான் வந்தது. 1982இல் பிரதமர் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தார். மலேசிய மாணவர்கள் ஜப்பானுக்குப் படிக்கப் போனார்கள், அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ஜப்பானிய நிறுவனங்கள் ஷா ஆலாமிலும் கிள்ளானிலும் தொழிற்சாலை வைத்தன. மொண்ட் கியாராவில் ஜப்பானியக் குடும்பங்கள் நிறைந்தன. வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் சாமான் விற்கும்போது, பழைய பொருள் கடை வழியாகச் சில தாள்கள் என் மேசைக்கும் வந்தன.

ஆனால் என் கண்ணைத் திறந்தவர் ஒரு தமிழர். கிழக்கை நோக்கும் கொள்கையில் ஜப்பானுக்குப் போய்ப் படித்த பொறியாளர். தோக்கியோ ஜிம்போச்சோவில், பழைய புத்தகக் கடைத் தெருவில், முதல் சம்பளத்தில் வாங்கியது என்று அட்டைக் குழாயிலிருந்து ஒரு தாளை உருவினார். “அண்ணே, சாமி படம் மாதிரி இதைப் பலகையில ஒட்டிராதீங்க. ஓரத்தையும் வெட்டிராதீங்க, கதையே ஓரத்துலதான் இருக்கு” என்றார்.

அது ஹசுய் 1925இல் வரைந்த ஸோஜோஜி கோயிலின் பிந்தைய பதிப்பு. பெரிய சிவப்பு வாசல். சாய்ந்து கொட்டும் பனி. முன்னால் ஒரு பெண், காற்றுக்கு எதிராகக் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வலப்பக்கம் பனிப் பாரத்தில் ஒரு பைன் மரம். நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன். சிவகாசிப் படத்தை அந்தக் கண்ணாடியில் பார்த்தால் புள்ளி புள்ளியாகச் சிதறிவிடும். இதில் புள்ளியே இல்லை. நிறம் தாளுக்குள் இறங்கி நின்றது. பனிக்கு வெள்ளைச் சாயம் எங்கும் பூசவில்லை. பனி என்பது அச்சு படாமல் விட்ட வெறும் தாள். தாளைத் திருப்பினேன். வாசலின் சிவப்பு முதுகுப் பக்கம் கசிந்து வந்திருந்தது, அதன் மேல் பரென் சுழன்ற வட்டத் தடம். ஒரு மனிதனின் கை அழுத்தம் அந்த முதுகில் அப்படியே இருந்தது.

ஓரத்துக்கு வருகிறேன். சேகரிப்பவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். வதனாபே வெளியிட்ட தாள்களில் அவர் முத்திரை இருக்கும். முத்திரையின் வடிவத்தையும் அளவையும் வைத்து அது போருக்கு முந்தியதா பிந்தியதா என்று கணிக்கிறார்கள். யோஷிதாவின் தாளில் இடப்பக்க ஓரத்தில் ‘ஜிசூரி’ முத்திரை இருந்தால், அது அவருடைய நேரடிக் கண்காணிப்பில் அச்சானது. கீழ் ஓரத்தில் ஆங்கிலத்தில் பென்சிலால் தலைப்பும் கையெழுத்தும் இருக்கும். அவர் மறைவுக்குப் பின் மகன் தோஷி அதே பலகைகளில் எடுத்த பதிப்புகளும் உண்டு. அவற்றில் அந்த முத்திரை இராது. தோஷியின் பதிப்பைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். அப்பாவோடு பயணம் போன மகன் பலகையை விடாமல் காத்தார் என்பதற்கு அது சாட்சி. என்னைப் போன்ற கையிருப்புக் குறைந்தவர்களுக்கு எட்டக்கூடியதும் அதுதான். முத்திரை இல்லாத தாளை முத்திரைத் தாளின் விலைக்கு விற்பதுதான் தவறு. வாங்குவதற்கு முன் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நம் தட்பவெப்பத்தில் இவை பிழைப்பது கடினம். கிள்ளான் பள்ளத்தாக்குக் காற்றில் எப்போதும் ஈரம். கண்ணாடி நேராகத் தாளைத் தொட்டால் அந்த இடத்தில் பூசணம் ஒட்டும். மலிவு அட்டையில் உள்ள அமிலம் சில ஆண்டில் தாளின் விளிம்பைப் பழுப்பாக்கும். செலோடேப் காய்ந்து உதிர்ந்தாலும் கறை போகாது. இராமபாணப் பூச்சிக்குக் கோசோத் தாளும் பசையும் விருந்து. சூரிய வெளிச்சம் படும் சுவரில் மாட்டினால் ஊதாவும் இளஞ்சிவப்பும் முதலில் வெளுக்கும். நான் இப்போது செய்வது இதுதான்: அமிலமற்ற அட்டையில் சன்னல் வெட்டி, தாளின் மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாளில் இரண்டு சிறு கீல் வைத்து, கோதுமை மாவுச் சத்தைக் காய்ச்சிய பசையால் ஒட்டுகிறேன். தண்ணீர் தொட்டால் கழன்றுவிடும், தாளுக்குச் சேதமில்லை. அப்பா சாமி படம் ஒட்ட அடுப்பில் மாவுப் பசை கிண்டுவார். அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவதும் அந்த வகைப் பசைதான் என்று தெரிந்தபோது அவர் உயிரோடு இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இத்தனை சொன்னதற்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நம் தேசியக் கலைக்கூடம் 1958இலிருந்து இயங்குகிறது. யோஷிதாவின் சிங்கப்பூர்த் தாளும் தஞ்சை, மதுரைத் தாள்களும் ஒன்றாக இங்கே ஒரு முறையாவது காட்சிக்கு வர வேண்டும். கடன் வாங்கியாவது கொண்டுவரலாம். ரவி வர்மாவையும் கொண்டையா ராஜுவையும் அந்தத் தீப்பெட்டி லேபிள்களையும் பக்கத்துச் சுவரில் மாட்டினால், நம் வீட்டுச் சுவர்களின் நூறு வருஷக் கதை தெரிந்துவிடும். சயாமுக்குப் போனவர்களின் படங்களும் அதே கூடத்தில் இருக்கட்டும். தமிழ்ச் சங்கங்களும் வசதி படைத்தவர்களும் மனது வைத்தால் இது நடக்கும்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். தாத்தா கிராணியாக இருந்த தோட்டத்துத் துரை போகும்போது கொடுத்த படம், அப்பாவின் ஜப்பானிய முதலாளி பிரியும்போது கொடுத்த படம், பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த படம் எதுவானாலும் சரி, சட்டத்தைக் கழற்றி, தாளைத் திருப்பி முதுகைப் பாருங்கள். சாயம் கசிந்து, வட்டமாகத் தேய்த்த தடம் இருந்தால் அது கையால் எடுத்த அச்சு. ஓரத்தை வெட்டாதீர்கள், பலகையில் ஒட்டாதீர்கள், குளியலறைச் சுவரை ஒட்டி மாட்டாதீர்கள். பிரேம் கடைக்காரர் வெட்ட வேண்டும் என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.